குடுமியான்மலைப் பாறையும் மீட்டும் கையும்

எங்கள் பங்கின் பாடற்குழுவில் கித்தார் இசைக்கும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு தவக்காலத்தில் என்னைக் காண வந்தார். "சாமி, இடக்கை எனக்கு ஓரளவு படிந்துவிட்டது. எந்தக் கார்டையும் பிடித்துவிடுகிறேன். வலக்கைதான் சொன்னபடி கேட்க மறுக்கிறது. வேகமாக மீட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது. மெதுவாக மீட்டினால் ஒரு விரலின் ஒலி உரக்கவும் அடுத்த விரலின் ஒலி மெலிந்தும் கேட்கிறது. விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதற்குச் சில திங்களுக்கு முன்புதான் கோயிலுக்கு மின்விசைப் பலகை ஒன்று வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் தாளமும் துணையிசையும் தாமாகவே பிறக்கும். அதன் பின்னர் அவருடைய கித்தார் பெரும்பாலும் திருப்பொருளறையின் சுவரிலேயே தொங்கியது. அதை எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் எவரும் கேட்கவில்லை. பலகையை வாங்கியவன் நான்.

எனக்கும் இக்குறை புதிதன்று. குருமடத்தில் பயின்ற நாள்களில் உடன் மாணவர் ஒருவரிடம் ஐந்தாறு கார்டுகளைக் கற்றுக்கொண்டு, வலக்கையை மேலும் கீழும் வீசிப் பாடல்களுக்குத் துணைசெய்து வந்தேன். இடக்கை எங்கே விரல் வைக்க வேண்டும் என்று கற்பித்தவர் உண்டு. வலக்கை எவ்வாறு நரம்பைத் தொட வேண்டும் என்று எவரும் கற்பிக்கவில்லை; நானும் கேட்கவில்லை. ஆகவே அந்த இளைஞருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. விடை தேடத் தொடங்கியபோது, நான் பலமுறை கடந்து சென்ற ஓர் ஊர் நினைவுக்கு வந்தது. அது நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை.

பாறையில் ஒரு பாடநூல்

புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலை, சிகாநாதசுவாமி கோயிலுக்கும் அதன் சிற்பங்களுக்கும் பெயர்பெற்றது. அங்கு மலைச்சரிவில் குடைந்தெடுக்கப்பட்ட பழைய குடைவரைக் கோயில் ஒன்றும் இருக்கிறது. அதன் அருகே, சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்புள்ள பாறை முகத்தில், பழைய கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டுக் கல்வெட்டுகள் பெரும்பாலும் நிலக்கொடையையோ, விளக்குக்கு அளித்த ஆடுகளையோ, மன்னரின் வெற்றியையோ கூறுவன. இக்கல்வெட்டு சுரங்களைக் கூறுகிறது.

கல்வெட்டுத் துறையினர் 1904ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்து படியெடுத்தனர். பின்னர் பி. ஆர். பந்தார்கர் இதை ஆராய்ந்து 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார். சிவனுக்கு வணக்கம் கூறித் தொடங்கும் கல்வெட்டு ஏழு பகுதிகளாக அமைந்துள்ளது. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்பன அவற்றின் பெயர்கள். தேவாரப் பண்களை அறிந்தவர்கள், சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் பெயர்கள் இவற்றோடு ஒத்திருப்பதை உடனே உணர்வர்.

எழுத்தமைதியைக் கொண்டு இதை ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினது என்பர். நெடுங்காலம் இது பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது என்றே கருதப்பட்டது. ஆயினும் மன்னன் பெயர் கல்வெட்டில் இல்லை. பிற்கால ஆய்வாளர் பலர் அக்கருத்தை ஏற்கவில்லை. கல்வெட்டின் இறுதி வாசகம் இவ்வளவே கூறுகிறது: உருத்திராசாரியரின் மாணவனும் சிவநெறியில் நிற்பவனுமாகிய அரசன், மாணவர்களின் நன்மைக்காக இச்சுரங்களை அமைத்தான். இவ்வடமொழி வாசகத்தை அடுத்து, எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய என்று தமிழில் ஒரு தொடர் வருகிறது. எட்டு நரம்புடைய கருவிக்கும் ஏழு நரம்புடைய கருவிக்கும் பொருந்தும் என்று இதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. அருகில் 'பரிவாதினி' என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழு நரம்புடைய வீணையைப் பரிவாதினி என்று அமரகோசம் குறிக்கிறது.

நான்கு நான்காக

கல்வெட்டில் சுரங்கள் தொடர்ந்து ஓடவில்லை. அவை நான்கு நான்காகக் கூட்டப்பட்டு நிற்கின்றன. வரிக்குப் பதினாறு கூட்டங்கள். ஒரு வரியிலுள்ள கூட்டங்கள் யாவும் ஒரே சுரத்தில் சென்று முடிகின்றன. முதல் மூன்று சுரங்கள் மாறிக்கொண்டே இருக்க, நான்காவது மட்டும் மாறாது நிற்கிறது. அடுத்த வரியில் வேறொரு சுரம் அந்த இடத்தைப் பெறுகிறது.

பகுதிகளின் தலைப்பில் 'சதுஷ்பிரஹார ஸ்வராகமம்' என்னும் தொடர் காணப்படுகிறது. 'சது' என்பது நான்கு. 'பிரஹாரம்' என்பது அடித்தல், தட்டுதல். நரம்புக் கருவியைப் பொறுத்தவரை அடித்தல் என்பது மீட்டுதலே அன்றி வேறில்லை. ஆகவே இதை நான்கு மீட்டுகளாலான சுரப்பாடம் என்று கொள்வது பொருந்தும். மேலும், ஒவ்வொரு சுரமும் அகரம், இகரம், உகரம், எகரம் என நான்கு உயிர்களோடு மாறி மாறி எழுதப்பட்டுள்ளது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன. உயிர்மாற்றங்கள் சுருதி நுட்பத்தைக் குறிப்பன என்று பந்தார்கர் கருதினார். நரம்பை இசைக்கும் முறையையே அவை குறிக்கின்றன என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும், இது கேட்டு மகிழ்வதற்கான பாடலன்று. கையைப் பழக்குவதற்கான பயிற்சி என்பது அதன் அமைப்பிலேயே விளங்குகிறது.

தமிழ் மரபில் இதனினும் பழைய சான்றுகள் உள்ளன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, யாழை இசைக்கும் கையின் தொழில்களாக வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்னும் நான்கினைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைத் தொழுது வாங்கி இசைக்கத் தொடங்கும் இடத்தில், இந்நான்கோடு உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்னும் நான்கும் சேர்ந்து எட்டாகின்றன. வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் பழைய உரையாசிரியர்கள் விளக்குவர். இடையே ஒரு நரம்பையோ இரு நரம்பையோ விட்டு இசைத்துப் பார்ப்பது உறழ்தல். சங்கப் பாட்டின் நான்கும் பாறையின் நான்கும் ஒன்றே என்று கூற நான் துணியேன். ஆனால் ஒன்று தெளிவு. விரல் நரம்பைத் தொடும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக் கற்பித்த ஒரு சமுதாயம் இந்நாட்டில் இருந்தது.

அழிந்ததும் நிலைத்ததும்

இத்தகைய பாடம் குடுமியான்மலையில் மட்டுமே இருக்கவில்லை. திருமயத்துச் சிவன் குடைவரையிலும் இதனையொத்த இசைக்கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டைப் பொறிப்பதற்காக அதைச் செதுக்கி அழித்துவிட்டனர். இன்று சில சொற்களே எஞ்சியுள்ளன. அழித்தவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அந்தப் பாடத்தைப் படித்து மீட்ட ஒருவரேனும் அவ்வூரில் அன்று இருந்திருந்தால், உளி அந்தப் பாறையின்மேல் விழுந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

குடுமியான்மலைக் கல்வெட்டு அழியவில்லை. ஆனால் அதிலும் ஒன்று போய்விட்டது. எழுத்து இருக்கிறது, எந்தச் சுரத்தை எடுப்பது என்று அறிகிறோம். எந்த விரலால், எவ்வளவு அழுத்தத்தோடு, நகத்தாலா சதையாலா என்பதை அறிந்த கை இல்லை. யாழ் என்னும் கருவியே நம் வழக்கிலிருந்து மறைந்தது. சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். யாழின் அளவுகளையும் நரம்புகளின் முறையையும் கணக்கிட்டு மீட்டெடுக்க அப்பேரறிஞரால் இயன்றது. ஆனால் யாழாசிரியர் ஒருவரின் எதிரே அமர்ந்து, அவர் விரலைப் பார்த்துப் பயிலும் பேறு அவருக்குக் கிட்ட வழியில்லை. அந்த வரிசை அறுந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு மாறான ஒன்றும் இதே புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வாழ்ந்த மாமுண்டியா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். ஒரு கையால் பிடித்து மறுகை விரல்களால் வாசிக்கும் சிறு கருவி அது. அவர் தம் கைப்பழக்கத்தைப் பாறையில் பொறிக்கவில்லை. மாணவர்களின் கைகளில் பதித்தார். அவர்களுள் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும்புகழ் பெற்றார். புதுக்கோட்டைவழி என்று லயக்கலையில் இன்றும் பேசப்படுவது அந்த வரிசையே. கல்லில் எழுதியது ஊமையாக நிற்க, கையிலிருந்து கைக்குச் சென்றது இன்றும் ஒலிக்கிறது.

ஐரோப்பாவில் கண்ட விடை

கித்தாரின் வலக்கைப் பயிற்சியை முறைப்படுத்தியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஐரோப்பிய ஆசிரியர்கள். இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812ஆம் ஆண்டு வியன்னாவில் தம் முதல் நூலை வெளியிட்டார். அதில் வலக்கைக்கென 120 பயிற்சிகள் உள்ளன. அவற்றில் இடக்கைக்கு வேலையே இல்லை எனலாம். சி கார்டு, ஜி செவன்த் கார்டு என்னும் இரண்டே பிடிகள் 120 பயிற்சிகளிலும் மாறி மாறி வருகின்றன. மாறுவது வலக்கை விரல்களின் வரிசை மட்டுமே.

இதைப் படித்தபோது எனக்குக் குடுமியான்மலைப் பாறை நினைவுக்கு வந்தது. அங்கே நான்காவது சுரம் மாறாது நிற்கிறது. இங்கே இடக்கை மாறாது நிற்கிறது. ஒன்றை நிலைநிறுத்தி மற்றொன்றை மட்டும் மாற்றிப் பழகுவது என்னும் நெறியை, ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் கண்டிருக்கிறார்கள். கற்பவனின் கவனம் ஒரே வேளையில் இரு கைகளையும் ஆளாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

நகமா, சதையா என்னும் வினாவும் அக்காலத்தில் எழுந்தது. ஸ்பானியரான பெர்னாண்டோ சோர் (1778–1839) நகம் படாமல் விரல்நுனிச் சதையால் மீட்டினார். 1830ஆம் ஆண்டு பாரிசில் வெளியிட்ட தம் பாடநூலிலும் அதையே வலியுறுத்தினார். அவருடைய நாட்டினரான தியோனிசியோ அகுவாதோ (1784–1849) நகத்தால் மீட்டினார். இருவரும் பாரிசில் நெருங்கிய நண்பர்களாய் வாழ்ந்தனர். தம் முறையை ஒருவரும் கைவிடவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து இசைப்பதற்கென்றே சோர் ஓர் இசைப்படைப்பை இயற்றி, அதற்கு 'இரு நண்பர்கள்' என்று பெயரிட்டார். முறைகளில் வேறுபட்டோர் ஒரே இசையில் கூடலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் வீணையின் வழக்கையும் இங்கே கருதலாம். வாசிப்புக்குரிய நான்கு தந்திகளை வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுகின்றன. பக்கத்திலுள்ள மூன்று தாளத்தந்திகளைச் சுண்டுவிரல் தனியே ஒலிக்கச் செய்கிறது. கித்தாரில் பெருவிரல் தடித்த தந்திகளையும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியன மெல்லிய தந்திகளையும் ஆள்கின்றன. 'பிக்' எனப்படும் சிறு தகட்டைப் பிடித்து மீட்டுவோர் கீழும் மேலுமாக மாற்றி மாற்றி மீட்டுகின்றனர். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) அத்தகைய சிறு தகட்டைக் கொண்டே கருநாடக இசையின் விரைவையும் நுட்பத்தையும் உலகறியச் செய்தார். கருவிகள் வேறு, நெறி ஒன்றே. ஒரே விரலோ ஒரே திசையோ எல்லா வேலையையும் செய்யலாகாது.

மீண்டும் அந்த இளைஞரிடம்

படித்தவற்றையும், இசை பயிற்றும் நண்பர் ஒருவரிடம் கேட்டவற்றையும் தொகுத்துக்கொண்டு அந்த இளைஞரை அழைத்தேன். முதலில் அவருடைய கையைப் பார்த்தோம். மணிக்கட்டு உள்நோக்கி மிகவும் வளைந்திருந்தது; வலிக்குக் காரணம் அதுவே. முன்கையைக் கருவியின் விளிம்பில் இயல்பாகச் சாய்த்து, மணிக்கட்டை ஏறத்தாழ நேராக வைத்துக்கொண்டார். விரல்கள் நுனியிலிருந்து கொத்தாமல், கையோடு சேரும் பெரிய கணுவிலிருந்து அசைந்து உள்ளங்கையை நோக்கி வரவேண்டும். மீட்டுவதற்கு முன் விரல் தந்தியின்மேல் ஒரு கணம் அமர வேண்டும். மீட்டியதும் அவ்விரல் தளர வேண்டும். தளராத விரலே அடுத்த மீட்டைக் கெடுக்கிறது.

பின்பு ஜூலியானியின் முறைப்படி இரண்டே கார்டுகள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என நான்கு மீட்டுகள். "வேகத்தை மறந்துவிடுங்கள், தம்பி. நான்கு ஒலிகளும் சமமாகக் கேட்கும்வரை இதே நடையில் இருங்கள். சமமானபின் சற்றுக் கூட்டலாம். ஒன்று மெலிந்தால் மீண்டும் குறைத்துவிடுங்கள்" என்றேன். அவர் நம்பிக்கையின்றியே தலையசைத்தார். நாள்தோறும் இருபது நிமிடம் என்று உடன்பட்டோம். அந்த இருபது நிமிடமும் நானும் உடன் அமர்ந்தேன். ஐம்பது வயதைக் கடந்த என் கை அவர் கையைவிட மெதுவாகவே கற்றது. அது அவருக்குச் சற்று ஆறுதலாயிருந்தது என்று நினைக்கிறேன்.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாரின் அறநெறியைப் பயின்றபோது, நற்பழக்கம் என்பது மீண்டும் மீண்டும் செய்யும் செயல்களால் நம்முள் வேரூன்றும் ஒரு நிலைத்த பண்பு என்று கற்றேன். கலையையும் அவர் அறிவின் நற்பண்புகளுள் ஒன்றாகவே வைக்கிறார். அன்று அதைத் தேர்வுக்காக எழுதினேன். நான்கு விரல்களைச் சமப்படுத்த முயன்ற அந்த நாள்களில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது.

இதில் வழிபாட்டுக்குரிய பயனும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு, குழலார்கனை உயர்வாகப் போற்றியதோடு, வழிபாட்டுக்குத் தகுந்தனவும் இறைமக்களின் பக்தியை வளர்ப்பனவுமாகிய பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது. அந்த வாயில் வழியாகவே கித்தார் நம் சிற்றூர்க் கோயில்களுக்குள் வந்தது. தகுந்த கருவி என்பது மரத்தையும் தந்தியையும் மட்டும் பொறுத்ததன்று. அதைத் தொடும் கையையும் பொறுத்தது. வலக்கையை வீசி அடிக்கும்போது மக்கள் பாடும் சொற்கள் அமிழ்ந்துபோகின்றன. தனித்தனியே மீட்டும்போது சொற்களுக்கு இடம் கிடைக்கிறது. சாமுவேல் முதல் நூலில் தாவீது சவுலின் துயர் தணிய யாழ் இசைத்ததைக் கூறும் இடத்தில், அவர் தம் கையால் மீட்டினார் என்று கையையும் சேர்த்தே சொல்லியிருப்பது இப்போது எனக்குப் புதிதாகப் படுகிறது.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் அந்த இளைஞரையும் பாடற்குழுவினரையும் குடுமியான்மலைக்கு அழைத்துச் சென்றேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தப் பாறையை அவர்கள் வெகுநேரம் பார்த்தனர். ஒருவருக்கும் எழுத்து புரியவில்லை. நான்கு நான்காகப் பிரிந்து நிற்பதை மட்டும் அந்த இளைஞர் கண்டுகொண்டு, தம் வலக்கை விரல்களைத் தொடையில் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

அந்த மன்னன் தன் பெயரைக் கல்லில் விட்டுச்செல்லவில்லை. தன் ஆசிரியர் பெயரை விட்டுச்சென்றான். தன்னை மாணவன் என்றான். தனக்குப் பின் வரும் மாணவர்களை நினைத்தான். நாடாள்பவனுக்கும் கைப்பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. நம் பங்குகளில் வீணையோ வயலினோ கித்தாரோ அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததை எழுதி வைப்பது நன்று. அதனினும் நன்று, ஒரு பிள்ளையை அருகில் அமர்த்தி, அதன் விரலைப் பிடித்துத் தந்தியின்மேல் வைப்பது.

மின்விசைப் பலகை இன்னும் எங்கள் கோயிலில் இருக்கிறது. பெருவிழா நாள்களில் பயன்படுகிறது. ஞாயிறு காலைத் திருப்பலியில், நற்கருணைக்குப் பின் வரும் பாடலுக்கு மட்டும் கித்தார் ஒலிக்கிறது. சுவரிலிருந்து அதை இறக்குபவர் அந்த இளைஞர். மாலை வேளைகளில் அவரிடம் இரண்டு சிறுவர்கள் நான்கு மீட்டுகளைப் பயின்று வருகிறார்கள்.